அப்பாவின் பிக்அப்பும் இரண்டு மின்விசிறிகளும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிய வளைவுகளில், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வண்டி ஓரமாக நிற்கும். பக்கத்தில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். ஈராண்டுகளுக்கு முன்பு அப்படி நின்ற வண்டிகளில் ஒன்று என் அப்பாவுடையது. அது நின்றதற்கு நானும் ஒரு காரணம். ஆகவே இக்கட்டுரையில் விளக்கமும் உண்டு, கொஞ்சம் ஒப்புதல் வாக்குமூலமும் உண்டு.

அப்பாவிடம் இருப்பது 1997-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ். 2.4 லிட்டர் டீசல் இயந்திரம், டர்போ கிடையாது. தாப்பாவில் தேங்காய், வாழையிலை, மளிகைச் சாமான்களை ஏற்றி ரிங்லெட், தானா ராத்தா கடைகளுக்குப் போடுவார். திரும்பும்போது முட்டைக்கோசும் தக்காளியும் வண்டியை நிறைக்கும். வாரத்தில் ஐந்து நாள் இதே ஓட்டம்தான். நானும் தங்கையும் படிப்பது அந்த வண்டி சம்பாதித்துக் கொடுக்கும் பணத்தில்.

விசிறியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாட்டியின் முகம். மலாய்மொழியில் இயந்திர விசிறியைச் சுழற்றும் பட்டைக்கு 'தாலி கிப்பாஸ்' என்று பெயர். அங்கே தாலி என்றால் கயிறு. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும்போது, பட்டறையில் கேட்டதை அப்படியே வந்து, "பாட்டி, அப்பாவுக்குத் தாலி அறுந்து போச்சாம்!" என்று வாசலில் நின்று கத்தினேன். பாட்டியிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அம்மா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் ஏன் சூடாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மீதி, உருளைகளைச் சுற்றி ஓடும் நீரில் சேரும். அந்த நீரை ரேடியேட்டர் என்ற மெல்லிய குழாய்க் கூட்டத்தின் வழியே ஓடவிட்டு, குழாய்களுக்கு இடையே காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றுகிறோம். ரேடியேட்டர் என்ற பெயரே பொருத்தமில்லாதது. அது சூட்டைக் கதிராக வீசுவது மிகக் குறைவு. வேலை முழுவதையும் செய்வது காற்றுதான். அதனால்தான் அதற்குத் தமிழில் 'கதிர்வீசி' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நெடுஞ்சாலையில் வண்டி விரைந்து ஓடும்போது காற்று தானாகவே வந்து மோதும். விசிறிக்கு அங்கே வேலை இல்லை. வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும்தான் விசிறி தேவை. புரோட்டோன் சாகா, கஞ்சில் போன்ற கார்களில் இயந்திரம் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் சுழல்தண்டு பக்கவாட்டைப் பார்த்திருப்பதால் ரேடியேட்டருக்கு எதிரே விசிறியைப் பட்டையால் சுழற்றுவது எளிதல்ல. ஆகவே அவற்றில் தொடக்கம் முதலே மின்விசிறிதான். பிக்அப்பில் இயந்திரம் நெடுக்காக இருக்கிறது. விசிறி நேரே ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு பட்டையால் சுழலும்.

ஆனால் இந்தப் பட்டை விசிறி எப்போதும் ஒரே மாதிரி சுழல்வதில்லை. அதன் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு கிளட்ச் இருக்கும். உள்ளே சிலிக்கோன் எண்ணெய். முன்பக்கத்தில் கடிகாரச் சுருள்வில்லைப் போன்ற ஓர் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் விரிந்து ஒரு சிறு கதவைத் திறக்கும். எண்ணெய் வேலை அறைக்குள் பாய்ந்து விசிறியை இறுக்கிப் பிடிக்கும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் திரும்பிவிடும். விசிறி நழுவி மெதுவாகச் சுழலும். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. காலை நான்கு மணிக்கு அப்பா வண்டியைக் கிளப்பும்போது ஒரு நிமிடத்துக்கு லோரி போல உறுமும். இரவெல்லாம் அசையாமல் இருந்ததில் எண்ணெய் வேலை அறையில் தேங்கியிருப்பதுதான் அதற்குக் காரணம். இது தெரியாமல் பக்கத்து வீட்டு அங்கிள் அப்பாவை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறார்.

அந்த உறுமல் ஒருநாள் நின்றுபோனது. நாங்கள் மகிழ்ந்தோம். உண்மையில் கிளட்ச்சிலிருந்து எண்ணெய் கசிந்து தீர்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இயந்திரம் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டினால் நல்லது. தள்ளிவிட்டதும் பல சுற்றுகள் சுழன்றால் கிளட்ச் போய்விட்டது என்று பொருள். எங்களுடையது பம்பரம் போலச் சுற்றியது.

அசல் கிளட்ச் 600 ரிங்கிட்டுக்கு மேல். பட்டறையில் வேறு யோசனை சொன்னார்கள். பழைய விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு மின்விசிறிகளைப் போட்டால் 380 ரிங்கிட்தான். எண்ணெய் மிச்சமாகும், இழுவை கூடும், சத்தமும் இருக்காது என்றார்கள். காட்டுப் பாதை ஓட்டக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் மாற்றுகிறார்கள் என்பது கூடுதல் சான்று. அது பொய்யில்லை. 1997 முதல் நம் நாட்டில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் வண்டிகள் ஆற்றில் இறங்கும். சுழலும் பட்டை விசிறி தண்ணீரில் பட்டால் அதன் இதழ்கள் முன்னே வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடலாம். மின்விசிறியை ஆற்றில் இறங்கும் முன் அணைத்துவிடலாம். ஆனால் அப்பா ஆற்றில் இறங்குபவர் அல்லர். இந்த வேறுபாட்டை நான் அப்போது யோசிக்கவில்லை.

அப்பா எனக்குத் தொலைபேசியில் கேட்டார். "தம்பி, நீ என்ஜினியருக்குத்தானே படிக்கிறே. போடலாமா வேணாமா, சொல்லு." அப்போது நான் முதலாமாண்டு முடித்திருந்தேன். வெப்பவியல் பாடத்தில் நல்ல புள்ளி. மூன்று நான்கு கட்டுரைகளைப் படித்துவிட்டு, "போடலாம்பா, அதுதான் இப்ப நல்லது" என்றேன். ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா என்னைக் கேட்டுவிட்டார் என்ற பெருமையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வண்டி அமைதியாக ஓடியது. கிளம்பும்போது சுறுசுறுப்பாக இருந்தது. அப்பா கடைக்காரர்களிடமெல்லாம் மகன் சொல்லித்தான் மாற்றினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வாரம் தாப்பா, பீடோர் பகுதியிலேயே ஓட்டம். அடுத்த வாரம் தீபாவளிச் சாமான். எண்ணூறு கிலோ பாரத்துடன் மலையேறினார். அருவிக்கு மேலே முள் எழும்பத் தொடங்கியது. ஏர்கோனை அணைத்தார். அடுத்த இரண்டு வளைவுகளில் ஒதுங்க இடமில்லை, பின்னால் பேருந்து. இடம் கிடைத்து நிறுத்தியபோது நீராவி வந்துகொண்டிருந்தது.

அப்பா ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மூடி நீரை ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றழுத்தத்தில் வைத்திருப்பதால் உள்ளே நீர் 115 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் இறங்கி, அத்தனை நீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். வெந்துபோன முகங்களைப் பட்டறைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்பா காத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திரத்துக்குத்தான் ஆனது. உருளைத் தலை வளைந்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. தலையைச் சமன்படுத்திக் கேஸ்கட் மாற்ற 1,900 ரிங்கிட். பதினொரு நாள் வண்டி இல்லை. தீபாவளி வாரத்தில் வாடிக்கையாளர்களை விட்டுவிடக்கூடாது என்று வாடகை லோரி எடுத்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் புதுத்துணி தங்கைக்கு மட்டும்தான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "அடுத்து என்னா பண்ணலாம்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். இந்த முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

பாரத்துடன் வண்டியின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரங்களில் ஏறத்தாழ 25 கிலோவாட் வேண்டும். பற்சக்கர இழப்பையும் ஏர்கோனையும் சேர்த்தால் இயந்திரம் 30 கிலோவாட் தர வேண்டும். இந்த வகைப் பழைய டீசலில், எரிதல் ஒரு சிற்றறையில் தொடங்கிப் பின்னரே உருளைக்குள் பாயும். ஆகவே நீருக்குள் போகும் சூடும் கூடுதல். அதையும் 30 கிலோவாட் என்றே வைத்துக்கொண்டேன். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 பாகை சூடேறும் என்றால், வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காற்று வேண்டும். அதாவது 0.9 கன மீட்டர். ஒரு பெரிய அலமாரி அளவுக் காற்று, வினாடிக்கு வினாடி!

ரேடியேட்டரும் அதற்கு முன்னாலுள்ள ஏர்கோன் கண்டென்சரும் காற்றுக்குக் காட்டும் எதிர்ப்பை 200 பாஸ்கல் என வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி முன்னேறுவதால் கிடைக்கும் அழுத்தம் 70 பாஸ்கலுக்குள்தான். மீதி 130-ஐ விசிறி தர வேண்டும். 130-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 117 வாட். இது காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல். இதழும் மோட்டாரும் சேர்ந்து, வாங்கும் மின்சாரத்தில் கால்வாசியையே காற்றுக்குக் கொடுக்கும் என்று கொண்டால், 470 வாட் மின்சாரம் தேவை. நாங்கள் போட்டிருந்தவை 80 வாட் விசிறிகள் இரண்டு.

மூன்றில் ஒரு பங்கு! விடுதி அறையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடக் கணக்கு அது. தொலைபேசியில் பதில் சொல்வதற்கு முன் போட்டிருந்தால் 1,900 ரிங்கிட் மிச்சம்.

சரி, 470 வாட்டுக்குப் பெரிய விசிறி போட்டால் போகிறது என்று தோன்றும். அது 35 ஆம்பியர் இழுக்கும். இரவு மழையில் முன்விளக்கு, துடைப்பான், ஏர்கோன் காற்றாடி எல்லாம் சேர்ந்து இன்னும் 30 ஆம்பியருக்கு மேல். எங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர். ஆகவே அதையும் மாற்ற வேண்டும். பிறகு பேட்டரிக் கம்பிகளையும் மாற்ற வேண்டும். 600 ரிங்கிட் கிளட்ச்சை மிச்சப்படுத்தப் போனவர்கள் எங்கே வந்து நிற்கிறோம் என்று பாருங்கள்.

எண்ணெய் மிச்சம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை. அங்கே ஆண்டில் பல மாதங்களுக்கு விசிறியே தேவைப்படாது. எனவே தேவைப்படாதபோது நின்றுவிடும் விசிறி அவர்களுக்கு நிச்சயம் இலாபம். இங்கே வெளியே 32 பாகை, உள்ளே ஏர்கோன். ஏர்கோன் ஓடினால் கண்டென்சருக்குக் காற்று வேண்டும். விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். மேலும், ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதும் அதே இயந்திரம்தான். அது வாங்கும் ஆற்றலில் ஏறத்தாழ பாதியே மின்சாரமாகிறது. மிச்சம் என்று ஒன்று இருந்தாலும் எங்கள் ஊர் ஓட்டத்தில் அது விளம்பரத்தில் சொன்னதைவிட மிகச் சிறியதாகவே இருக்கும்.

கணக்கு சரியா என்று பார்க்க, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு காற்றுவேகமானியை இரவல் வாங்கிப் போனேன். வண்டியை நிறுத்தி வைத்து, ரேடியேட்டர் முகப்பில் ஒன்பது இடங்களில் அளந்தேன். எங்கள் ரேடியேட்டரின் பரப்பு கால் சதுர மீட்டர். 0.9 கன மீட்டர் வேண்டுமானால் காற்று வினாடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். மின்விசிறிகளில் கிடைத்த சராசரி 1.7. விசிறிக்கு நேரே நல்ல காற்று. மூலைகளில் மானி அசையவே இல்லை. ஏனெனில் அவற்றைச் சுற்றிக் கூடு இல்லை. 30 சென்டிமீட்டர் வட்டங்கள் இரண்டு, ரேடியேட்டரின் பாதிப் பரப்பைத்தான் சற்று மிஞ்சும். கூடு இருந்தால்தான் மற்றப் பாதியிலிருந்தும் காற்றை இழுக்க முடியும். பழைய விசிறிக்குக் கூடு இருந்தது. இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருந்தோம்.

இன்னும் இரண்டு தவறுகள் கிடைத்தன. பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தபோது விசிறி மோட்டாரில் 10.9 வோல்ட்தான் இருந்தது. மெல்லிய கம்பி, துருப்பிடித்த இடத்தில் பூமிக் கம்பி இணைப்பு. மீதியெல்லாம் வழியிலேயே சூடாகப் போயிருந்தது. மற்றொன்று, விசிறிகளை ரேடியேட்டரோடு பிணைக்க அதன் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் ஊசிகளைச் செருகியிருந்தார்கள். அதிர்வில் அவை குழாயைத் தேய்த்து, ஒரு குழாயில் ஈரம் தெரிந்தது. இன்னும் மூன்று மாதம் ஓடியிருந்தால் அங்கேயே ஒழுகத் தொடங்கியிருக்கும்.

அப்பாவின் வண்டியில் பழைய பட்டை விசிறியையே மீண்டும் பூட்டினோம்; புதிய கிளட்ச், பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த ஒரு கூடு. சூடான பிறகு 2,500 சுழற்சியில் அளந்தபோது மானி நான்கை ஒட்டி நின்றது. விடியற்காலை உறுமலும் திரும்ப வந்துவிட்டது.

இவ்வளவு சொன்னதால் மின்விசிறியே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு சித்தப்பாவின் பிக்அப்பில் நானே மின்விசிறி பூட்டினேன். அவர் தெலுக் இந்தானில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். பழைய 1.8 லிட்டர் பெட்ரோல் வண்டி. பாகான் டத்தோ வரை தட்டையான சாலை. மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது காற்று தானாகவே 200 பாஸ்கலுக்கு மேல் தரும். விசிறி தேவைப்படுவது கோயில் வாசலில் வண்டியை ஓடவிட்டுச் சாமான் இறக்கும்போதும் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதும்தான். அந்த வேலைக்கு மின்விசிறி பட்டை விசிறியைவிடச் சிறந்தது. வண்டி நிற்கும்போது இயந்திரம் மெதுவாகச் சுழல, பட்டை விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். மின்விசிறிக்கு அந்தக் கவலை இல்லை.

அதில் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். தனி விசிறிகளை வாங்காமல், ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பழைய கார்ப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில், கூட்டோடு சேர்ந்த இரட்டை விசிறியைத் தேடினோம். ரேடியேட்டர் அளவை அட்டையில் வெட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. நான்காவது கடையில் கிடைத்தது. கூட்டை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டைகளால் பிடித்தோம், தகடுகளைத் தொடவில்லை. ஒவ்வொரு விசிறியும் 12 ஆம்பியர். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே தனி 20 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் கம்பி. ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். பூமிக் கம்பியை உடற்தகட்டில் பூட்டாமல் நேரே பேட்டரிக்குக் கொண்டுவந்தோம்.

வெப்ப விசையை எங்கே வைப்பது, எத்தனை பாகையில் வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இயந்திரத்தின் தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறக்கிறது. விசிறியை 80-இல் ஓடும்படி வைத்தால் அது நாள் முழுவதும் நிற்காது. ஏனெனில் நீரை அதற்குக் கீழே வர தெர்மோஸ்டாட்டே விடாது. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீர் போகும் மேல்குழாயில் விசையை வைத்து, 95-இல் ஓடி 88-இல் நிற்கும்படி அமைத்தோம். ஏர்கோன் போட்டால் ஒரு விசிறி உடனே ஓட வேண்டும். அதற்கு இன்னொரு கம்பி. கடைசியாக ஓட்டுநர் முன்னால் ஒரு சிறு விளக்கு, விசிறிக்கு மின்சாரம் போனால் எரியும்படி. பட்டை விசிறி கெட்டால் பெரும்பாலும் சத்தத்தில் ஏதாவது மாறும். மின்விசிறி கெட்டால் அமைதியாகக் கெட்டுப்போகும். அந்த அமைதிக்குத்தான் விளக்கு.

எல்லாம் பூட்டி ஓடவிட்டபோது காற்று தவறான திசையில் வந்தது. இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். விசிறி சுழல்வதைப் பார்த்தால் இது தெரியாது. ஒரு மெல்லிய தாளை வண்டியின் முன்வலையில் வைத்துப் பார்க்க வேண்டும். தாள் ஒட்டிக்கொண்டால் சரி. எங்களுடையது பறந்துபோய்ச் சித்தப்பாவின் தலையில் விழுந்தது. "பொறியாளர் ஐயா வேலை இப்படித்தானா?" என்றார் அவர். அதன்பின் ஓராண்டாக அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவின் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு விசிறிகளை எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒன்றைச் சாமான் ஏற்றும் கொட்டகையில் ஒரு பழைய பேட்டரியோடு இணைத்துத் தூணில் கட்டியிருக்கிறார். பின்னிரவு மூன்று மணிக்கு வாழையிலைக் கட்டுகளை ஏற்றும்போது கொசு அண்டுவதில்லை. சென்ற விடுமுறையில் நானும் கூட நின்று ஏற்றினேன். "ஒனக்குக் குடுத்த 380 வெள்ளிக்கு இதுதான்டா மிச்சம்" என்றார் அப்பா, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு.